ஒரு மறுப்புக்கு இருபது மீட்டர்

தவமணி சொந்த வீடு தேடி அலைந்த வருஷத்தில்தான் ஆலங்கரை சௌபாக்கியா நகரின் தெருக்கள் நீளத் தொடங்கின. முதலில் நீண்டது மூன்றாம் குறுக்குத் தெரு. முந்தின நாள் சாயங்காலம் வரை மரகதம் டீச்சர் வீட்டு மதிலும் எஞ்சினியர் சபாநாயகம் வீட்டு மதிலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டுதான் நின்றன. இந்த வீட்டுச் சாம்பார் அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுப் பாயசம் இந்த வீட்டுக்கும் மதில் மேலேயே போய்வந்து கொண்டிருந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு மதிலுக்கும் நடுவே இருபது மீட்டருக்கு வெறும் செம்மண் தரை கிடந்தது. அந்தத் தரைக்கு முன்னால் தார் ரோடும் அதே அளவு நீண்டிருந்தது, மின்கம்பி அறுபடாமல் அத்தனை தூரமும் வளர்ந்திருந்தது, சாக்கடைகூட விட்ட இடத்திலிருந்து விடாமல் ஓடியது. இடி இல்லை, நிலநடுக்கம் இல்லை, ஒரு செங்கல் விரிசல் விடவில்லை. சபாநாயகம் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார், துப்பினார், "காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கே மரகதம் டீச்சர் அந்த மண்ணில் துணி காயப்போடக் கொடி கட்டினார். அடுத்த வாரம் முதல் குறுக்குத் தெருவில் இரண்டு இடத்தில் நீண்டது, அதற்கடுத்த வாரம் மெயின் ரோட்டில் நீண்டது, புரட்டாசி முடிவதற்குள் வீட்டுக்கு வீடு இடைவெளி விழுந்து, சர்க்கரை நோய்க்காரர்கள் நடைப்பயிற்சிக்குப் பூங்கா வரை போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பினாலே டாக்டர் சொன்ன தூரம் வந்துவிடுகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, ஈசானியத்தில் நிலம் வளர்வது குபேர யோகம் என்று சொல்லித் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். நிலம் எதற்காக வளர்கிறது, வளர்வதற்கு முந்தின நாள் அந்த வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள். அதைக் கேட்டால் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

தவமணி தாலுகா ஆபீசில் நில அளவர். பத்தொன்பது வருஷமாக ஊரான் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து கல் நட்டுக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது. புருஷன் இளவழகன் பஸ் டிப்போவில் மெக்கானிக், மகள் யாழினி பத்தாம் வகுப்பு. மூன்று பேரும் குடியிருந்தது அரசுக் குடியிருப்பில். அந்தக் கட்டடம் பழுதடைந்துவிட்டது, இடிக்கப்போகிறோம், அடுத்த ஆனி முடிவதற்குள் எல்லாரும் காலி செய்துவிட வேண்டும் என்று ஆடி பிறந்த கையோடு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆடியில் யாரும் வீடு பார்க்கமாட்டார்கள் என்பதால் தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்தாள். ஆவணி ஒன்றாம் தேதி காலையில் கள அளவுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டாள்.

அவள் வீடு பார்த்த விதத்தை நாலு பேர் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குடியிருப்பைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தாள், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தாள், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள், போன மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று மதில்களில் கறை தேடினாள், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் பத்து நிமிஷம் பேச்சுக்கொடுத்து எந்த வீட்டில் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொண்டாள். ஆசிரியர் காலனிக்கு வாசலிலேயே பஸ் நின்றது, ஆனால் தண்ணீர் உப்பு, பட்டப்பகலிலும் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். பாலத்தடியில் கார்த்திகை மாதம் முழங்கால் அளவு தண்ணீர், மற்ற மாதங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை, சாக்கடையே இல்லாததால் மூடியும் இல்லை. அங்கேதான் அவள் பிறந்தாள், அங்கேதான் அவள் ஜனம் இருந்தது, "உங்களுக்கு அங்கயே ஒரு வீடு பாக்கலாமேம்மா" என்று ஊரில் எல்லார் விரலும் அந்தப் பக்கமே நீண்டது. சௌபாக்கியா நகரில் தண்ணீர் தித்தித்தது. ரோடு அகலம், மழை நிற்காது, ஆஸ்பத்திரி பக்கம், யாழினியின் பள்ளிக்கூடம் ஆறு நிமிஷ நடை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் விற்கப்போட்ட வீடு பதினொன்று. எல்லாக் கட்டத்திலும் அது முழு மதிப்பெண் வாங்கியது.

புரோக்கர் பக்கிரிதான் கூட்டிக்கொண்டு போனார். அறுபது வயது, எதையும் டைரியில் எழுதிவைக்கும் பழக்கம். முதலில் மரகதம் டீச்சர் வீடு. டீச்சர் மகனோடு அமெரிக்கா போவதாக இருந்ததால் வீட்டை விற்றுவிட்டுப் போக நினைத்தார். வாசலுக்கே வந்து வரவேற்றார், யாழினியின் தலையைத் தடவினார், காபி போட அடுப்படிக்குள் போனவர் அங்கிருந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கண்ணு அழகும்மா. உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"இதே ஊர்தாங்க."

"இதே ஊர்ல எங்க?"

பக்கிரி லேசாக இருமினார். வரும்போதே "தங்கச்சி, அதை மட்டும் சொல்லிக்க வேணாம்" என்று அவர் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

"பாலத்தடிங்க" என்றாள் தவமணி.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. பால் பொங்கி வரும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது, காபி வரவில்லை. டீச்சர் மட்டும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அடடா, சொல்ல மறந்தே போயிட்டேன் பாருங்க, நேத்துதான் எங்க மச்சினர் மகன் இந்த வீட்டைக் கேட்டான், சொந்தத்துக்குள்ள கேக்கும்போது எப்படிம்மா இல்லைன்னு சொல்றது" என்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

தெருமுனைக்கு வந்ததும் யாழினி கேட்டாள்: "அம்மா, அந்தக் காபி என்னாச்சு?"

தவமணிக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. தன்னை ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள், அதையெல்லாம் விழுங்கியிருக்கிறாள், ஆனால் பதினைந்து வயதுப் பெண் ஒரு டம்ளர் காபியை வைத்து உலகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது திரும்பிப் போய் அந்த அடுப்பையே உதைத்துத் தள்ளலாமா என்று இருந்தது. மறுநாள் காலைதான் டீச்சர் மதிலை ஒட்டி முதல் இருபது மீட்டர் முளைத்தது.

"திருச்சிப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல தவம்?" என்றான் இளவழகன். "ஒரே ஒரு பொய். புள்ள படிப்புக்காகத்தானே?"

"ஒரு பொய்யாங்க அது? இன்னிக்கு நான் சொல்லணும், நாளைக்கு நீங்க சொல்லணும், எங்கம்மா வீட்டுக்கு வந்தா அவங்க சொல்லணும், இவ சிநேகிதிங்ககிட்ட சொல்லணும். சாகுற வரைக்கும் சொந்த வீட்டுல ஒளிஞ்சுக்கிட்டுக் கெடக்கவா வீடு வாங்குறோம்?"

அவள் அதன்பிறகு இன்னும் ஆறு வீடு பார்த்தாள். ஒரு வீட்டில் குலதெய்வம் எது என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் எதுவுமே கேட்காமல் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி அதிலிருந்த பழைய பாலத்தடி முகவரியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு வீட்டிலும் அட்வான்ஸ் கொடுத்துவிட்ட ஒரு மச்சினர் மகன் இருந்தான்.

அவள் மட்டும் என்றில்லை. ஆலங்கரையின் ஐந்து புரோக்கர்களும் அந்த நகருக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனபடியே இருந்தார்கள். விற்க பதினொரு வீடு, வாடகைக்கு எட்டுப் போர்ஷன். தையல்கடை ரஹீம் பாய் போனார், தனியாக வாழும் நர்ஸ் போனாள், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிய ஜோடி போனது, பாலத்தடியிலிருந்து படித்து வேலைக்கு வந்த பையன்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள். நகர் நீண்டது.

மார்கழிக்குள் சௌபாக்கியா நகர் ஆறு கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. மார்கழிப் பஜனை விடியற்காலையில் கிளம்பினால் கடைசி வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறி, சுண்டல் கெட்டுப்போயிருக்கும். பால்காரர் சைக்கிளை விற்று மொபெட் வாங்கினார், பிறகு அதையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். பாலத்தடியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் நடந்து வந்து சேரவே பத்து மணி ஆனதால் நகரில் காலைச் சமையல் மதியத்துக்கும் மதியச் சமையல் அந்திக்கும் தள்ளிப்போனது. அசோசியேஷன் சார்பில் பேட்டரி வண்டி ஒன்று வாங்கினார்கள். ஒருத்தருக்கொருத்தர் எட்டிப் பார்க்க முடியாமல் போனதில் ரொம்ப நாள் சண்டைக்காரர்கள் இரண்டு பேர் சமாதானமானார்கள், ஒன்றாய்த் திரிந்த சிநேகிதிகள் நாலு பேர் போனிலேயே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இதற்கெல்லாம் பழகிக்கொண்டார்கள், பெருமைகூடப் பட்டார்கள். "எங்க நகர்ல பக்கத்து வீட்டுச் சத்தமே கேக்காது" என்று வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். கேஸ் சிலிண்டர்காரர் வர மறுத்து, சபாநாயகத்தின் சம்சாரத்துக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான், நிலத்தை அளந்து தரச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினார்கள்.

அளக்க அனுப்பப்பட்டவள் தவமணி.

நாலு நாள் அளந்தாள். வாசலில் நின்ற டீச்சர் அவளைத் தெரியாதவர் மாதிரி மோர் வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு புது இடைவெளிகள், ஒவ்வொன்றும் இருபது மீட்டர், அவள் கையிலிருந்த சங்கிலியின் நீளம், அங்குலம் கூடவுமில்லை குறையவுமில்லை. ஏழு வாசல்களில் அவள் முளையடித்தபோது அந்த வாசல்களை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஐந்தாம் நாள் டீக்கடையில் பக்கிரியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அண்ணே, எந்த வீட்டுக்கு என்னிக்கு யாரைக் கூட்டிட்டுப் போனீங்கன்னு உங்க டைரியில இருக்கா?"

"எனக்கு எல்லாம் இருக்கு தங்கச்சி. மத்த நாலு பேரு டைரியும் வேணும்னா வாங்கித் தரேன். எதுக்கு?"

அவள் சொன்னாள். பக்கிரி டீயைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாய்ப் புரட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை, வந்தவர்களை இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தை பிறந்ததும் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. சபாநாயகம் தலைவர். கேசரி, வடையெல்லாம் இருந்தது. தவமணி தான் அளந்து வரைந்த படத்தை விரித்து, விஷயத்தை உள்ளபடி சொன்னாள்: நீங்கள் ஒருவரை வேண்டாம் என்று அனுப்பும்போதெல்லாம் உங்கள் மதிலை ஒட்டி ஒரு மனை முளைக்கிறது.

சபாநாயகத்துக்கு முகம் சிவந்தது. "மேடம், நீங்க பொறுப்பான உத்தியோகத்துல இருக்கீங்க. நாங்க யாரையும் வேண்டாம்னு சொன்னதே கிடையாது. எங்க நகர்ல ஜாதி மதம்லாம் பாக்கறதே இல்லை. வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"ஐப்பசி ஒம்பதாம் தேதி உங்க மாடிப் போர்ஷனுக்கு வந்த நர்ஸைக் கேட்டேன் சார்."

"அது... அந்தப் போர்ஷன்ல பெயின்ட் அடிக்கணும்னு இருந்தோம்."

நகரின் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் பெயின்ட்டுக்குத் தலையாட்டினார்கள். தவமணி அன்றைக்குக் கத்தியிருக்கலாம். கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், ஒரு நோட்டீஸ் எழுதித் தாசில்தார் கோதண்டத்திடம் கையெழுத்துக்கு வைத்தாள். கோதண்டம் பங்குனியோடு ஓய்வுபெறப் போகிறவர். யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக உணர்ந்துகொண்டிருந்தார். படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டீசில் இருந்தது இவ்வளவுதான்: புதிதாக உண்டான நிலம் எந்தப் பட்டாவிலும் இல்லை. உரிமை கோருபவர்கள், தாங்கள் எந்தத் தேதியில், யாரை, என்ன காரணத்துக்காக மறுத்ததால் அந்த மனை உண்டானது என்பதைப் பத்திரத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். தராவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும்.

மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் சபாநாயகம் வந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தர், அவருக்குப் பின்னால் இன்னொருத்தர், மதியத்துக்குள் தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசை ரோட்டைத் தொட்டது. யாரையும் மறுத்ததே இல்லை என்று கேசரி தின்றுகொண்டே சத்தியம் செய்த வாய்களெல்லாம் இப்போது, சார் நான் ஒன்பது பேரை மறுத்தேன், நான் பதினொரு பேரை, எங்கள் வீட்டில் என் மாமனாரும் சேர்ந்து மறுத்தார் அதைத் தனியாகப் போட முடியுமா என்று முண்டியடித்தன. இரண்டே பேரை மறுத்த ஒருவர் நாலு பேர் என்று எழுதி, அடித்துத் திருத்தச் சொன்னபோது அழுதேவிட்டார். எழுதினார்கள், ஐயா, வெட்கமில்லாமல் எழுதினார்கள்: "கீழ்ஜாதி என்பதால்." "பாய் என்பதால்." "புருஷன் இல்லாதவள் என்பதால்." மரகதம் டீச்சரின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது: "காபி போட்டுக்கொண்டிருந்தேன். பாலத்தடி என்று சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டேன்."

தவமணி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். மனசுக்குள் இருந்த சந்தேகத்தின் கடைசித் துளியும், ஒருவேளை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ, ஒருவேளை நிஜமாகவே மச்சினர் மகன் இருக்கிறானோ என்று ராத்திரியெல்லாம் தன்னையே குற்றம் சொல்லவைத்த அந்தத் துளியும், முத்திரை குத்திய தாளில் காய்ந்து கிடந்தது. அவள் மற்ற தாள்களோடு அதையும் சேர்த்து நூல் கட்டி உள்ளே அனுப்பினாள்.

கோதண்டம் பங்குனி வரைக்கும் அவசரப்படாமல் படித்தார். ஓய்வுபெறுவதற்கு மூன்று நாள் முன்னால் எல்லாரையும் வரச்சொல்லித் தீர்ப்பைச் சொன்னார்.

"நீங்க எல்லாரும் வேண்டாம்னு சொன்னதா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நிலம் எதுக்கு? வேணும்னு வந்தவங்களுக்குத்தான் அது முளைச்சிருக்கு. வந்தவங்க பேரையும் நீங்களே எழுதியிருக்கீங்க, ரொம்ப நன்றி, எனக்கு விசாரிக்கிற வேலை மிச்சம்."

சபாநாயகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சார், இது அநியாயம்! மனசுல இருந்ததை உள்ளபடி எழுதினோம்!"

"அதான் நானும் உள்ளபடி பட்டா போடறேன்" என்றார் கோதண்டம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மனைக்கும் பட்டா ஆனது. தவமணி பெயரில் ஏழு. தனக்குத் தானே அளந்துகொண்டாள் என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பதற்காகப் பக்கத்துத் தாலுகா அளவரை வரவழைத்துக் கல் நட்டார்கள். ஆறை விற்றாள், அந்தப் பணத்தில் ஏழாவதில் கட்டினாள். அது மரகதம் டீச்சர் மதிலுக்கும் சபாநாயகம் மதிலுக்கும் நடுவில் இருந்த முதல் மனை. டீச்சரின் துணிக்கொடியை அவிழ்த்து மடித்து அவர் வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாக ராப்பகலாய் வேலை நடத்தி, ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாள்.

பழைய நாற்பத்து மூன்று வீட்டுக்கும் இளவழகனும் அவளுமாகத் தாம்பாளத்தில் குங்குமம் வைத்து நேரில் போய் அழைத்தார்கள். அழைக்க வேண்டாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. அவன்தான் சொன்னான்: "நாளைக்கு நம்மள ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. முறையாக் கூப்பிட்டுடுவோம்." எல்லாரும் சிரித்த முகமாகக் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள், கண்டிப்பாக வருவோம் என்றார்கள். ரஹீம் பாய் வந்தார், நர்ஸ் வந்தாள், பக்கிரி புது வேட்டியோடு வந்தார், பாலத்தடியே திரண்டு வந்து சாப்பிட்டது. பழைய வீடுகளிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை. நாற்பத்து மூன்று இலை விரித்தபடியே கிடந்தது. யாழினி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள், முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் தவமணிக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் கற்றுக்கொண்டுவிட்டாள்.

விடிந்து கதவைத் திறந்தபோது வீட்டின் இரண்டு பக்கமும் மதில்கள் இல்லை. செம்மண் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. டீச்சர் வீடு ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது, சபாநாயகம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தது.

இளவழகன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்ன தவம் இது! ஊரை விட்டே ஒதுக்கிட்டானுங்களே!"

"எந்திரிங்க" என்றாள் தவமணி. உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்து வந்தாள். முகம் கடுத்திருந்தது. "நாப்பத்து மூணு வீடு. நாப்பத்து மூணு மனை. இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. பக்கிரி அண்ணனுக்கு போனைப் போட்டு, பாலத்தடியில வீடு இல்லாதவங்க பேரையெல்லாம் எழுதிட்டு வரச் சொல்லுங்க."

பதினெட்டாவது மனைக்கு முளையடித்துக்கொண்டிருந்தபோது பேட்டரி வண்டி வந்து நின்றது. சபாநாயகம் வியர்த்து வழிய இறங்கினார்.

"மேடம், நிறுத்துங்க. நேத்து வராம இருந்தது நாங்க. எங்களால வந்த நிலம் இது. போன தடவை மாதிரி எங்களை ஏமாத்த முடியாது."

"சரிங்க சார்" என்றாள் தவமணி, நிமிராமல். "ஏன் வரலைன்னு எழுதிக் குடுங்க."

சபாநாயகம் சட்டைப் பையைத் தடவினார்.

"பேனா இருக்கா?" என்றார்.

தவமணி தன் பேனாவைக் கொடுத்தாள்.